கோட்டைக்குள் ஒரு விசில்

பஸ்ஸில் ஏறினால் உட்கார வேண்டும். பச்சைப் பிள்ளைகூட இதைச் செய்துவிடும். ஆனால் நம்ம கண்டக்டருக்கு அன்று காலை அதுதான் பெரும்பாடாக இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகிய கால்கள் அவருடையவை. ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸைக் கண்டால் அவை உட்கார மறுத்தன. ஜன்னலோரத்தில் மெத்தென்ற சீட்டில் உட்கார்ந்திருந்தும், பஸ் திரும்பும்போதெல்லாம் கை தானாக மேலே எழும்பிக் கம்பியைத் தேடியது. அந்த நாட்டுச் சுற்றுலா பஸ்ஸில் கம்பியே கிடையாது. கை வெறுங்காற்றைப் பிடித்துவிட்டு, தலையைச் சொறிய வந்ததுபோலப் பாவனை பண்ணிக்கொண்டு கீழே இறங்கியது.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்," என்று பக்கத்தில் இருந்த மனைவி பல்லைக் கடித்தாள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். விசில் அடித்த வாயையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அவரைக் கண்டக்டர் என்று நாம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் மெதுவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை முன்னால் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழுந்தால் குடி முழுகிப் போகும்.

விஷயம் இதுதான். மகளுக்கு வரன் கொண்டு வந்த தரகர், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்ற பழமொழியை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மனிதர். பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த அன்று, "பொண்ணோட அப்பா போக்குவரத்துத் துறையில அதிகாரி," என்று ஒரே போடாகப் போட்டார். கண்டக்டர் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு மறுத்துச் சொல்வதற்குள் தரகர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "பையனோட அப்பா ஹெட்மாஸ்டர்."

சரி, பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் கண்டக்டர் நினைத்தார். அந்த ஹெட்மாஸ்டர் அதற்கும் வழி வைக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, "எனக்கு இந்த உலகத்துல ஆகாத ஜென்மம் ஒண்ணே ஒண்ணுதான் சார், பஸ் கண்டக்டர். நாம மூச்சு இரைக்க ஓடி வர்றதைக் கண்ணால பாத்துக்கிட்டே விசில் அடிப்பான்," என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் கத்தவா முடியும்? கண்டக்டர் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஹெட்மாஸ்டரைக் குளிரவைக்க வேண்டும் என்று, "எல்லா இடத்துலயும் அப்படித்தான் சார். உங்க பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியார் இல்லையா? பசங்களை வெயில்ல ஓட விட்டுட்டு மரத்தடியில நின்னு சம்பளம் வாங்குறவன்," என்று எடுத்துவிட்டார். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். பெரிய மனிதர்கள் யோசித்துத்தான் சிரிப்பார்கள் என்று கண்டக்டர் எண்ணிக்கொண்டார்.

அன்று முதல் அவர் அதிகாரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது லேசு. விசேஷத்துக்கு விசேஷம் சந்திக்கும் சம்பந்தியிடம் வேலையை மறைப்பது லேசில்லை. "ஆபீசில் எத்தனை பேர் உங்களுக்குக் கீழே?" என்று கேட்டால், "பஸ் நிறைய ஆட்கள்," என்று வாய் வரை வந்துவிடும். அவருக்குத் தன்னைப் பற்றிய பயம் இல்லை. பொய் சொல்லிப் பெண் கொடுத்தவன் என்று ஒரு சொல் கிளம்பினால், அது தன் காதுக்கா வரும்? பிறந்த வீட்டுப் பொய்க்குப் புகுந்த வீட்டில் தலை குனிய வேண்டியவள் மகள்தானே.

இப்போது மகளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒரே சமயத்தில் வந்து இறங்கியதில், சின்ன வீட்டில் திரும்பினால் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடித்தது. "நாங்க வேலைக்குப் போகணும். நீங்க நாலு பேரும் இன்னைக்குக் கோட்டையைச் சுத்திப் பாத்துட்டு வாங்க," என்று டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது மகள் அவரைத் தனியே இழுத்து, "அப்பா, மாமாகிட்ட மனசு விட்டுப் பேசுங்கப்பா," என்றாள். நாவை அடக்கிக்கொள்ளத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சுக்கு எதைக் கேட்டாலும் எச்சரிக்கையாகத்தான் கேட்கும்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவருக்குச் சட்டைப் பையிலேயே கனம் இருந்தது. அவருடைய பழைய பித்தளை விசில். மனைவி அதைப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்து வெளியே வைக்க, அவர் எடுத்து எடுத்து உள்ளே வைத்து, கடைசியில் நாடு கடத்திக் கொண்டுவந்துவிட்டார். விமான நிலையச் சோதனையில் இது என்ன என்று கேட்டதற்கு, பேரனுக்கு விளையாட்டுச் சாமான் என்று சைகையில் சொன்னார். பேரன் இன்னும் பிறக்கவில்லை.

பஸ் கோட்டை வாசலை நெருங்கியது. நிற்பதற்கு முன்னாலேயே எல்லாரும் எழுந்து பைகளை இறக்கத் தொடங்கினார்கள். 'வண்டி நின்ன பிறகு எந்திரி!' என்ற சொல் கண்டக்டரின் தொண்டைக்கு வந்து நின்றது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

கோட்டை என்றால் கோட்டைதான். கன்னங்கரேலென்ற மதில், அதைச் சுற்றி அகழி, அகழியில் தங்கள் பாட்டன் சொத்துப் போல நீந்தும் வாத்துகள், சங்கிலியில் தொங்கும் மரப்பாலம். வழிகாட்டிப் பெண் சிவப்புக் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். அதற்கு முன் ஆட்களை எண்ணினாள். விரலை நீட்டி நீட்டி எண்ணி, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கண்டக்டருக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஆள் சரியாக இருக்கிறது என்று அவர் கண் எப்போதோ சொல்லிவிட்டது.

ஹெட்மாஸ்டரோ பாலத்தின் மேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "குள்ளமானவங்க முன்னாடி, உயரமானவங்க பின்னாடி," என்று தங்கள் நாலு பேரையும் வரிசைப்படுத்தினார். அதில் அவருடைய மனைவி முதலிலும் அவர் கடைசியிலும் வந்தார்கள். நாலு பேருக்கு எதற்கு வரிசை என்று யாரும் கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் என்றால் கண்டிப்பு இருக்கத்தானே செய்யும்.

உள்ளே அரசர்களின் ஓவியங்கள் மாட்டிய நீண்ட கூடம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பலகை. "கண்ணாடி எடுத்துட்டு வரல. என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சம்பந்தி," என்றார் ஹெட்மாஸ்டர். கண்டக்டர் எழுத்துக் கூட்டி, "இவர் காலத்துலதான் ராஜ்ஜியம் கை விட்டுப் போச்சாம்," என்றார்.

"போகாம? தொப்பையைப் பாருங்க. காலையில எந்திரிச்சு மைதானத்தை நாலு சுத்து ஓடியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

படித்த மனிதர் சரித்திரத்தை எப்படி வேறு கோணத்தில் பார்க்கிறார் என்று கண்டக்டர் வியந்துபோனார்.

அடுத்தது அரியணை மண்டபம். அத்தனை பெரிய மண்டபத்தில் நடுவே ஒரே ஒரு நாற்காலி. கண்டக்டர் தன்னை மறந்தார். "இவ்வளவு கூட்டத்துக்கு ஒரே சீட்டு. பாக்கி எல்லாம் ஸ்டாண்டிங்," என்று சொல்லிவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

மனைவி அவர் காலை மிதித்தாள். "இல்ல... அந்தக் காலத்து நிர்வாகத்தைச் சொன்னேன். ஆபீஸ் ஞாபகம்," என்று சமாளித்தார். பதிலுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "சரித்திரப் பாடம் நீங்களே எடுப்பீங்களா சம்பந்தி?" என்றார்.

ஹெட்மாஸ்டர் மேல்கூரையைப் பார்த்தார். "நான் வகுப்புக்குள்ள அவ்வளவா போறதில்ல. வெளியில இருந்து மேற்பார்வைதான்."

மதியம் அகழி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொடுத்த பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஆண்கள் இருவரும் ஒரு பெஞ்சு, பெண்கள் இருவரும் ஒரு பெஞ்சு. பெண்கள் பெஞ்சில் ஓயாத சிரிப்பு. சம்பந்தியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். என்ன சிரிப்பு என்று ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு, வாத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பதில் வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையில் வாத்து எதுவும் இல்லை. அங்கே இருந்தது தாங்கள் இருவரும்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

வெயில் இதமாக இருந்தது. வயிறும் நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் மனிதனுக்குக் கொஞ்சம் உண்மை பேசத் தோன்றும். 'சொல்லிவிட்டால்தான் என்ன? எத்தனை காலத்துக்கு இந்த வேஷம்?' என்று கண்டக்டரின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்றார் ஹெட்மாஸ்டர் அதே நேரத்தில்.

"நீங்க சொல்லுங்க."

"இல்ல இல்ல, நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சீங்க."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது..."

"அதிகாரி நீங்க இருக்கும்போது..."

அதிகாரி என்ற சொல் காதில் விழுந்ததும் கண்டக்டரின் தைரியம் பொசுக்கென்று போய்விட்டது. "வெயில் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றார். "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் ஹெட்மாஸ்டர். இருவரும் வெயிலைப் பார்த்தார்கள்.

கடைசியாக, கோட்டைக் கோபுரம். உச்சிக்குப் போனால் ஊரெல்லாம் தெரியுமாம். ஏறுவதற்கு இருந்தது சுழன்று சுழன்று போகும் ஒரே ஒரு கல் படிக்கட்டு. ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். இரண்டு பேர் ஒதுங்கி உரசிப் போகலாம். இறங்குகிறவர்களை இறங்கவிட்டுப் பிறகு ஏறுகிறவர்களை விடுவதற்காக, கீழே ஒரு பணியாள் குறுக்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏற்பாட்டைப் பார்த்ததும் கண்டக்டருக்கு ஒரே சந்தோஷம். தொழில் தெரிந்த ஆள் என்று மனசுக்குள் பாராட்டினார்.

"நீங்க முன்னாடி போங்க. இவளுக்கு முட்டி வலி, நாங்க அடுத்த தடவை மெதுவா வர்றோம்," என்றார் ஹெட்மாஸ்டர். கண்டக்டரும் மனைவியும் ஏறினார்கள். உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆறு, வீடுகள், வயல்கள், கீழே பொம்மை போல அவர்கள் வந்த பஸ். சம்பந்தி பக்கத்தில் இல்லாத நிம்மதியில் கண்டக்டர் நெடுநேரம் பஸ்ஸையே பார்த்தார். ஊரைப் பாருங்க என்று மனைவி தலையைத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

இறங்கத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது. கீழே யாரோ தன் போனை அகழியில் போட்டுவிட்டுக் கூப்பாடு போட்டிருக்கிறார். கயிறு பிடித்த பணியாள் கயிற்றை விட்டுவிட்டு அங்கே ஓடியிருக்கிறார். கயிறு இல்லை என்றதும் கீழே நின்ற கூட்டம் திபுதிபுவென்று ஏறிவிட்டது. மேலிருந்து இறங்கும் கூட்டமும் கீழிருந்து ஏறும் கூட்டமும் கோபுரத்தின் நடுவயிற்றில், இருட்டுத் திருப்பத்தில், முட்டிக்கொண்டு நின்றன.

வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே இருந்தவர்கள் கீழே தள்ளினார்கள், கீழே இருந்தவர்கள் மேலே தள்ளினார்கள். முதுகுப் பைகள் மூக்கை இடித்தன. ஆளுக்கு ஒரு பாஷையில் கத்தினார்கள். எந்தப் பாஷையாக இருந்தாலும் நெரிசலில் வருகிற திட்டு ஒரே மாதிரிதான் கேட்கிறது. அப்போது கீழே எங்கிருந்தோ ஒரு குரல் தமிழில் கேட்டது.

"ஐயோ... மூச்சு முட்டுதுங்க... கொஞ்சம் நகருங்களேன்..."

சம்பந்தியம்மாவின் குரல்.

கண்டக்டருக்கு நெரிசல் புதிதல்ல. பிதுங்கி வழிந்த காலைநேர பஸ்ஸில் வாழ்க்கையை ஓட்டியவர். நடுவில் மாட்டிக்கொண்டவனை நகரச் சொல்லிப் பயனில்லை, இரண்டு ஓரத்தில் இருக்கிறவர்கள்தான் நகர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஓரத்தில் இருக்கிறவன் காதுக்குக் குரல் போகாது. போவது ஒன்றே ஒன்றுதான். அவர் கை சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றது.

ஊதினால் தீர்ந்தது கதை. எந்த அதிகாரி சட்டைப் பையில் விசில் வைத்திருப்பான்? மகளின் முகம் கண்முன் வந்தது. மாமனார் வீட்டில் அவள் தலை குனிந்து நிற்பதுபோல ஒரு காட்சியும் கூடவே வந்தது. கீழே சம்பந்தியம்மா இருமினார். மனைவி அவர் முகத்தைப் பார்த்து, "யோசிக்காதீங்க, ஊதுங்க," என்றாள். மானம் போனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த அம்மாவுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று முடிவு கட்டி, விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

ஒரே ஒரு விசில். நீளமாக, அடிவயிற்றிலிருந்து. நம்ம ஊர் பஸ்ஸில் அதற்கு ஒரே அர்த்தம்: நில்.

கோபுரம் கப்சிப் என்று ஆனது. விசிலுக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"மேல இருக்கறவங்க மேல ஏறு! ஏறு ஏறு, அப்படியே பின்னாடி ஏறு! பையை முன்னாடி மாட்டு! ஏம்மா, படியில நிக்காதே! உள்ள இடம் இருக்கு, உள்ள போ!" பேசியது தமிழ்தான். ஆனால் அந்தக் குரலையும் கை வீச்சையும் கண்டு, அவருக்கு மேலே நின்ற அத்தனை வெள்ளைத் தலைகளும் பொன்னிறத் தலைகளும் மறுபேச்சுப் பேசாமல் படியேறின.

பாதி வேலை முடிந்தது. கீழ்ப்பாதியை என்ன செய்வது என்று அவர் யோசிக்கும்போது, கீழேயிருந்து ஒரு விசில் கேட்டது.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் இவர் ஊதியது ஒன்று, திரும்பி வந்தது மூன்று. அதுவும் நறுக்கு நறுக்கென்று. எதிரொலிக்கு இவ்வளவு கொழுப்பு இருக்காது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விசிலுக்குப் பின்னால் ஒரு முழக்கம் சுழன்று மேலே வந்தது.

"அட்டென்ஷன்! அபவுட் டர்ன்! ஒத்தை வரிசை! இடது பக்கச் சுவரை ஒட்டி... லெஃப்ட், ரைட்! லெஃப்ட், ரைட்!"

நூறு செருப்புகள் தாளம் தப்பாமல் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் கண்டக்டருக்குத் தெரிந்த குரல். காலையில் நாலு பேரை உயர வாரியாக நிறுத்திய குரல்.

அவர் இரண்டு திருப்பம் இறங்கினார். கீழேயிருந்து ஹெட்மாஸ்டர் இரண்டு திருப்பம் ஏறினார். சுவரில் இருந்த ஒடுக்கமான ஜன்னலின் வெளிச்சத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். கண்டக்டர் வாயில் பித்தளை விசில். ஹெட்மாஸ்டர் வாயிலும் ஒரு விசில், கறுப்புக் கயிற்றில் கட்டியது. கண்டக்டர் ஏதோ கேட்க வாயைத் திறக்கப் போனார். விசிலை எடுக்க மறந்ததால் கேள்வி கீச்சென்று வந்தது. ஹெட்மாஸ்டரின் பதிலும் கீச்சென்றுதான் வந்தது.

முதலில் விசிலை எடுத்தவர் ஹெட்மாஸ்டர். "நீங்க போக்குவரத்து அதிகாரின்னு..."

"கண்டக்டர்," என்றார் கண்டக்டர். "ஓடி வர்றதைக் கண்ணால பாத்துக்கிட்டே விசில் அடிக்கிற ஜென்மம். நீங்க ஹெட்மாஸ்டர்னு..."

"டிரில் வாத்தியார்," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "மரத்தடியில நின்னு சம்பளம் வாங்குறவன்."

ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவுக்கு மூச்சு திரும்பிவிட்டது. திரும்பிய மூச்சையெல்லாம் அவர் சிரித்தே செலவழித்தார். கண்டக்டர் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கண்டக்டர் மனைவியைக் கேட்டார்.

"நிச்சயத்தன்னைக்கே தெரியும். பாத்திரம் எடுத்து வைக்கிறப்பவே ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டோம்."

"பசங்களுக்கு?"

"கட்டிக்கிட்டவங்க அவங்க. அவங்களுக்குத் தெரியாம இருக்குமாண்ணா?" என்றார் சம்பந்தியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டிரில் வாத்தியாருக்குக் கோபம் வந்தது. "அப்ப இத்தனை நாளா நாங்க யாருக்குத்தான் பயந்தோம்?"

"நீங்க அவருக்கு, அவர் உங்களுக்கு," என்றார் சம்பந்தியம்மா.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதுக்கு? ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு மரியாதையா பேசிக்கிட்டு இருந்தீங்க. வீடு அமைதியா இருந்துச்சு. இனிமே பாருங்க, ஆளுக்கு ஒரு விசிலோட..." என்று கண்டக்டர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நாலு பேரும் இறங்கிக் கோபுர வாசலுக்கு வந்தபோது கயிற்றுப் பணியாள் மூச்சு வாங்க ஓடி வந்தார். வந்தவர் நன்றி சொல்லுவார் என்று பார்த்தால், பழம்பெரும் கட்டடத்துக்குள் விசில் ஊதியது யார் என்று கையை ஆட்டிக் கேட்டார். இருவரும் விசிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் முட்டி போட வைத்த வாத்தியாருக்கு, திட்டு வாங்க நிற்பது எப்படி என்றே தெரியவில்லை. கண்டக்டர்தான் சட்டம் பேசினார். வாசலில் தொங்கிய பலகையைக் காட்டி, "நாய் கூடாது, குடை கூடாது, பந்து கூடாதுன்னு படம் போட்டு அடிச்சிருக்கு. விசில் படம் எங்க இருக்கு?" என்றார். பணியாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பலகையைப் போய் உற்றுப் பார்த்துவிட்டு, பேசாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கண்டக்டர் கொஞ்சம் ஒதுங்கிப் போய் மகளுக்குப் போன் போட்டார். சிரிப்பெல்லாம் அடங்கி, நெஞ்சில் ஏதோ ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"நான் கண்டக்டர்னு மாப்பிள்ளைகிட்ட எப்பம்மா சொன்னே?"

மகள் சொன்னாள்: "முதல்முதலா பேசின அன்னைக்கேப்பா. எங்கப்பா கண்டக்டர். ஊர்ப் பிள்ளைங்க ஓடி வந்தா பஸ்ஸை நிறுத்தி வச்சு ஏத்துவாரு. சொந்தப் பொண்ணு லேட்டா வந்தா மட்டும் விசில் அடிச்சுட்டுப் போயிடுவாருன்னு சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"உன்னை ஏத்தினா, கண்டக்டர் பொண்ணுன்னு பஸ்ஸை நிறுத்துறான்னு நாலு பேர் சொல்லுவாங்கம்மா..."

"தெரியும்ப்பா. அதைப் பெருமையாத்தான் சொன்னேன்." அவள் குரல் கம்மியது. "நீங்கதான்ப்பா மறைச்சீங்க. மாமா வர்றப்பெல்லாம் நீங்க வேற ஆளா மாறி உக்காந்திருப்பீங்க. உங்க வேலையை நினைச்சு உங்களுக்கே வெக்கமோன்னு எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு."

மகள் தலை குனிந்துவிடக் கூடாது என்று அவர் கட்டிய கோட்டை அது. அதன் வாசலில் இத்தனை நாளும் அவள்தான் மனம் நொந்து நின்றிருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. "வெக்கமெல்லாம் இல்லம்மா. புத்தி இல்ல, அவ்வளவுதான். இனிமே அப்படி இருக்க மாட்டேன்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

பஸ் புறப்படும் நேரம். வழிகாட்டிப் பெண் வழக்கம்போல விரலை நீட்டி எண்ணத் தொடங்கி வழக்கம்போலக் குழம்பினாள். டிரில் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, குள்ளமானவர் முன்னே உயரமானவர் பின்னே என்று மொத்தக் கூட்டத்தையும் பஸ் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொருவராக மார்ச் பண்ண வைத்து ஏற்றினார். கோபுரத்தில் அந்த விசிலின் மகிமையைக் கண்டவர்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கண்டக்டர் வாசல் படியில் நின்று உள்ளே ஒரு பார்வை விட்டார். எண்ணவே இல்லை.

"ஒரு ஜோடி குறையுது," என்றார்.

டிரைவர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். மரப்பாலத்தின் மேல், நினைவுப் பொருள் கடையில் வாங்கிய மரவாளைத் தூக்கிக்கொண்டு ஒரு இளம் ஜோடி மூச்சு இரைக்க ஓடி வந்துகொண்டிருந்தது. அவர் விசிலை வாயில் வைத்தார். ஒரே விசில். டிரைவர் திடுக்கிட்டுப் பிரேக்கை அழுத்தினார்.

"ஓடி வர்றாங்க. நிக்கட்டும்," என்றார் கண்டக்டர், யாரைப் பார்த்தும் இல்லாமல். வாத்தியார் தன் சீட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜோடி ஏறியது. கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு விசில் கொடுத்து, "ரைட்! போலாம்!" என்றார். பஸ் போயிற்று.

உள்ளே வந்தவரை வாத்தியார் கூப்பிட்டார். தன் பக்கத்து சீட்டில் கைக்குட்டையை விரித்துப் போட்டிருந்தார். "சம்பந்தி, உங்களுக்குச் சீட்டுப் போட்டு வச்சிருக்கேன்."

"கர்ச்சீப் போட்டா சீட்டு ஆயிடாது. ஆள் உக்காந்தாத்தான் சீட்டு," என்றார் கண்டக்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் சொன்ன வசனம் அது. சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடித்து வாத்தியார் கையில் கொடுத்து, உட்கார்ந்தார்.

பின்னால் மனைவிமார் இருவரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் அகழியைச் சுற்றித் திரும்பியது. கண்டக்டரின் கை தானாக மேலே எழும்பிக் கம்பியைத் தேடியது. கம்பி இல்லை. இறங்கி வந்த கை சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டது.

"அப்படியே பிடிச்சுக்குங்க," என்றார் டிரில் வாத்தியார். "ஆனா முதுகை நிமித்தி உக்காருங்க."